விளம்பரத்தில் எந்தச் சொல் விற்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், குறுஞ்செய்தி, கடை வாசல் பலகை என்று எதுவானாலும், சிறுதொழில் செய்வோர் தங்கள் விளம்பரத்தைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டிய நிலையில் இன்று இருக்கிறார்கள். எந்தச் சொல்லைப் போட்டால் வாங்குவோரின் மனம் அசையும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மரச்செக்கு வைத்து நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்டி விற்கிறேன். 'நூறு சதவீதம் சுத்தமான, தரமான, பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட மரச்செக்கு எண்ணெய்' என்று பிரசுரம் அடித்தேன். எங்கள் பகுதியிலுள்ள மற்ற செக்கு எண்ணெய்க் கடைகளும் ஏறக்குறைய இதையேதான் எழுதுகின்றன. இதைவிட வலுவான சொற்கள் எவை?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: இதைவிட வலுவான அடைமொழியைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். 'தரமான' என்பது பொய்யான சொல் இல்லை. ஆனால் எந்தக் கடைக்காரரும் தம் எண்ணெய் தரம் குறைந்தது என்று எழுதப் போவதில்லை என்பதால், அந்தச் சொல் உங்கள் கடையை அடுத்த கடையிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. படிப்பவரின் கண் அதைத் தாண்டி நேராக விலைக்குப் போய்விடுகிறது. விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆலை எண்ணெயோடு செக்கு எண்ணெய் போட்டியிட முடியாது.

உங்கள் கடைக்கு வருகிறவரின் மனத்தில் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன: ஏன் இவ்வளவு விலை, இதில் வேறு எண்ணெய் கலந்திருக்குமோ? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லக்கூடிய செய்திகள் அனைத்தும் உங்கள் செக்கு மேட்டிலேயே கிடக்கின்றன. எள்ளை எங்கே வாங்குகிறீர்கள், எத்தனை கிலோ எள்ளுக்கு ஒரு லிட்டர் இறங்குகிறது, ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்கிறீர்களா, எத்தனை நாள் தெளிய வைக்கிறீர்கள் என்பவற்றை நீங்கள் எழுதவே இல்லை. ஒரு மாதிரி தருகிறேன். எண்களையும் நாட்களையும் உங்கள் உண்மைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

'ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இரண்டரை கிலோ எள் ஆட்டுகிறோம். கருப்பட்டி சேர்த்து வாகை மரச் செக்கில் ஆட்டி, வெயிலில் தெளிய வைத்து, மேலெண்ணெயை மட்டும் இறுத்துத் தருகிறோம். சில நாட்களில் பாட்டிலின் அடியில் மெல்லிய கசடு படியலாம். தெளிய வைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாததால் அப்படிப் படிகிறது. செவ்வாயும் சனியும் காலையில் செக்கு ஓடும். வந்து பார்த்து வாங்கலாம்.'

இதில் 'சுத்தமான' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டரை கிலோ எள் என்றதும், எள் விலை தெரிந்த இல்லத்தரசி தாமே கணக்குப் போட்டுக்கொள்வார். அவர் போட்ட கணக்கை அவரே நம்புவார். கசடு படியும் என்று முன்கூட்டிச் சொல்லியிருப்பதும் தற்செயலாக எழுதியது அன்று. வீட்டுக்குப் போனபின் அவர் அதைப் பார்க்கத்தான் போகிறார். சொல்லாமல் விட்டிருந்தால் அது குறையாகத் தெரியும். காரணத்தோடு சொல்லிவிட்டதால் அதுவே சான்றாக நிற்கும். 'வந்து பார்த்து வாங்கலாம்' என்ற மூன்று சொற்களுக்கு மேல் வலுவான சொல் எனக்குத் தெரிந்து உங்கள் தொழிலில் இல்லை.

இந்த வழி புதியது அன்று. நூறாண்டுகளுக்கு முன்பே அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்காக இதைச் செய்து காட்டினார். அன்றைய பீர் நிறுவனங்கள் எல்லாம் 'தூய்மை' என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் ஆலைக்குள் சென்று, நீர் எங்கிருந்து வருகிறது, புட்டிகள் எப்படி நீராவியால் கழுவப்படுகின்றன என்பவற்றைப் பார்த்து, பார்த்ததை அப்படியே எழுதினார். எல்லா ஆலைகளிலும் இதுதானே நடக்கிறது என்று நிறுவனத்தார் கேட்டபோது, நடக்கிறது, ஆனால் யாரும் மக்களிடம் சொல்லவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடாக இருந்தது. உங்களுக்கும் மற்ற செக்குக்காரர்களுக்கும் இடையில் முறை ஒன்றாகவே இருக்கலாம். அதைச் சொன்னவர் என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உணவுப் பொருள் விளம்பரங்களுக்காக இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகள், 'இயற்கையான', 'தூய', 'பாரம்பரிய' போன்ற சொற்களை எந்நிலையில் பயன்படுத்தலாம் என்பதற்கு நிபந்தனைகள் வகுத்துள்ளன. 2024 ஜூனில், பழச்சாறு நிறுவனங்கள் 'நூறு சதவீதம் பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்க வேண்டும் என்று அதே ஆணையம் உத்தரவிட்டது. நூறு சதவீதம் என்பது எளிதாக எழுதிவிடக்கூடிய வாசகம். கேள்வி வரும்போது அதற்குச் சான்று காட்டுவதுதான் கடினம்.

கேள்வி: ஜவுளிக் கடை நடத்துகிறோம். ஆடித் தள்ளுபடிக்கு 'முந்துங்கள்! இன்றே கடைசி!' என்று பலகை வைத்தால் கூட்டம் வருகிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கூட்டம் குறைகிறது. அவசரத்தைக் காட்டும் வேறு சொற்களைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: சொல்லை மாற்றுவதற்கு முன், அந்தப் பலகை எத்தனை நாள் வாசலில் நின்றது என்று எண்ணிப் பாருங்கள். 'இன்றே கடைசி' என்ற பலகையை அடுத்த நாளும் பார்த்த வாடிக்கையாளர், அதன்பின் உங்கள் கடையின் எந்தத் தேதியையும் நம்ப வேண்டியதில்லை என்று கற்றுக்கொள்கிறார். நீங்கள் தீபாவளிக்கு எழுதும் உண்மையான கடைசி நாளும் அதில் அடிபட்டுப் போகும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தால் மட்டும் அவசரச் சொல்லைப் பயன்படுத்துங்கள். ஆடியில் திருமணம் இல்லாததால் பட்டு விற்பனை குறையும், தீபாவளிச் சரக்குக்கு அலமாரி காலியாக வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த காரணம்தான். அதை எழுதுவதில் தவறென்ன? 'தீபாவளிச் சரக்கு ஆவணி முதல் வாரம் இறங்குகிறது. அதற்கு முன் இந்த அலமாரியிலுள்ள 140 பருத்திப் புடவைகளும் காலியாக வேண்டும். ஆடி 31 வரை இந்த விலை' என்று எழுதினால், தேதியும் எண்ணிக்கையும் காரணமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். விற்க விற்க அந்த 140ஐ அழித்து 96, 41 என்று சாக்குக்கட்டியால் எழுதிவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தேதி முடிந்த மறுநாள் காலையில் பலகையை எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு விளம்பரத்துக்கு அதுவே முதல் வேலை.

இணையத்தில் விற்பவர்களுக்கு இது சட்டப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாங்குவோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் முதலாவது பொய்யான அவசரம்.

கேள்வி: அரசுத் தேர்வுகளுக்கான பயிற்சி மையம் நடத்துகிறேன். 'வெற்றி உத்தரவாதம்' என்று எழுதாமல் இந்தப் போட்டியில் நிற்க முடியுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முடியும், அப்படி எழுதாமல்தான் நிற்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் பலர் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் நகையை அடகு வைத்த பணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள். பல இலட்சம் பேர் எழுதிச் சில ஆயிரம் பேர் மட்டுமே தேர்வாகும் தேர்வில் எந்த மையத்தாலும் வெற்றியை உறுதி செய்ய முடியாது. அதை அறிந்தே 'உத்தரவாதம்' என்று எழுதுவது அவர்களுடைய நம்பிக்கையை எடுத்துச் செலவழிப்பதாகும். இதை வெறும் வியாபார உத்தியாக என்னால் பார்க்க முடியவில்லை.

சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பயிற்சி மைய விளம்பரங்களுக்கென்றே 2024 நவம்பரில் வந்த மத்திய வழிகாட்டு நெறிகள், தேர்ச்சி உறுதி, வேலை உறுதி என்ற பொய் வாக்குறுதிகளைத் தடை செய்கின்றன. வெற்றி பெற்ற மாணவரின் படத்தைப் போட வேண்டுமானால், அவர் தேர்வான பிறகு எழுத்து மூலமான ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் உங்களிடம் எந்தப் பாடப்பிரிவில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மாதிரி நேர்முகத் தேர்வுக்கு மட்டும் ஒரு நாள் வந்து போனவரை 'எங்கள் மாணவர்' என்று பதாகையில் ஏற்றுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க முடியும். மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரை போகலாம்.

விளம்பரச் சொல்லை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளும் வழக்கம் நீதிமன்றங்களில் வெகுகாலமாக உண்டு. 1891இல் இங்கிலாந்தில் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற நிறுவனம், தன் மருந்துப் பந்தை முறைப்படி பயன்படுத்திய பிறகும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாகவும், அதற்கென 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகவும் நாளிதழில் விளம்பரம் செய்தது. பயன்படுத்தியும் நோய் வந்த ஒரு பெண்மணி பணம் கேட்டார். அது வெறும் விளம்பர மிகைப்பேச்சு என்று நிறுவனம் வாதாடியது. வங்கியில் பணம் போட்டிருப்பதாக எழுதியதே அது மெய்யான வாக்குறுதி என்பதைக் காட்டுகிறது என்று நீதிமன்றம் கூறி, பணத்தைக் கொடுக்கச் செய்தது. சட்டம் படிப்போர் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

உங்களால் உறுதியளிக்கக்கூடியவை பல இருக்கின்றன. வாரத்துக்கு எத்தனை மாதிரித் தேர்வு, திருத்திய தாள் எத்தனை நாளில் கைக்கு வரும், ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், முதல் வாரத்தில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை எல்லாம் உங்கள் கையில் உள்ளவை. 'ஞாயிறு எழுதிய தேர்வுத் தாள், திருத்திய குறிப்புகளோடு புதன்கிழமை உங்கள் கையில்' என்ற வரியை ஒரு தாய் படித்தால், இங்கே பிள்ளையைக் கவனிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றும்.

கேள்வி: வீட்டிலிருந்தே சிறுதானியச் சத்துமாவு செய்து விற்கிறேன். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று எழுதலாமா? வாங்கியவர்கள் சிலரே அப்படிச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, தேனி

பதில்: எழுதக் கூடாது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். அதைவிட முக்கியமானது, உங்கள் வரியை நம்பி யாரேனும் மாத்திரையை நிறுத்திவிட்டால் நேரக்கூடிய கேடு. வாடிக்கையாளர் சொன்னார் என்று மேற்கோள் குறிக்குள் போட்டாலும் விளம்பரம் உங்களுடையதுதான்.

'நார்ச்சத்து மிக்கது' போன்ற வாசகங்களுக்கும் அளவு உண்டு. திடப் பொருளாக இருந்தால் 100 கிராமில் குறைந்தது 6 கிராம் நார்ச்சத்து இருக்க வேண்டும். ஆய்வகச் சான்று இருந்தால் எழுதுங்கள். அந்தச் சொல்லோடு எண்ணையும் எழுதுங்கள். சான்று இல்லையென்றால், சேர்ப்பது எது, சேர்க்காதது எது என்று மட்டும் சொல்லுங்கள்: 'கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு மூன்றையும் முளைகட்டிக் காயவைத்து வறுத்து அரைத்தது. சர்க்கரையும் பால் பொடியும் சேர்க்கவில்லை. இரண்டு தேக்கரண்டி மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் கொதிக்க வைத்தால், பள்ளி வேன் வருவதற்குள் ஒரு தம்ளர் கஞ்சி தயார்.' காலை ஏழரை மணிக்கு அடுப்படியில் நிற்கிற தாய்க்கு அந்தக் கடைசி வரி போதும்.

கேள்வி: இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு நிலையம் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஆங்கிலத்தைவிடச் செலவு அதிகமாகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்தி 160 இடங்கள் வரை கொள்ளும். தமிழில் எழுதினால் 70 இடங்கள்தான். அதைத் தாண்டினால் 67 இடங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் விழும். உயிர்மெய் எழுத்தின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. 'சலுகை' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. இயந்திரத்துக்கு ஐந்து இடம். 'சிறப்புத் தள்ளுபடி' என்று எழுதினால் இடைவெளியோடு சேர்த்து 18 இடங்கள் போய்விடும்.

எனவே தமிழ்க் குறுஞ்செய்தியில் மரியாதைக்காகச் சேர்க்கும் நீட்டங்களை முதலில் வெட்ட வேண்டும். 'தங்கள் வாகனத்தைப் பராமரிக்க வேண்டிய தருணம் வந்துவிட்டது என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்ற வாசகத்தில் செய்தி ஒன்றுதான். மீதி எல்லாம் தோரணை. 'உங்கள் வண்டிக்கு ஆயில் மாற்றும் நேரம். ஞாயிறும் கடை உண்டு' என்றால் 60 இடங்களுக்குள் முடிந்துவிடும். கடைப் பெயர் சிறியதாக இருந்தால் அதற்கும் இடம் இருக்கும். 'வாகனம்' என்று அரசு அறிவிப்புகள் சொல்லட்டும். உங்களிடம் வருகிறவர் 'வண்டியை விட்டுவிட்டுப் போகிறேன்' என்றுதானே சொல்கிறார். ஞாயிறு திறந்திருப்பதைச் சொன்னது ஏன் என்றால், ஆயில் மாற்ற வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்; விடுப்பு எடுக்காமல் மாற்ற முடியும் என்பதுதான் அவருக்குப் புதிய செய்தி.

கேள்வி: விளம்பர நிறுவனமொன்றில் எழுத்தாளராகச் சேர்ந்திருக்கிறேன். 'நீங்கள்', 'புதிய', 'இலவசம்', 'ஏனென்றால்' போன்றவை மந்திரச் சொற்கள் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இவை உண்மையிலேயே வேலை செய்யுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 'ஏனென்றால்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. அதில் பாதியை மட்டுமே எல்லோரும் சொல்கிறார்கள். உளவியலாளர் எல்லன் லாங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு அது. நகல் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம், ஐந்து பக்கம் மட்டும் நகலெடுத்துக்கொள்ளட்டுமா என்று காரணம் சொல்லாமல் கேட்டபோது 60 சதவீதம் பேர் இடம் விட்டார்கள். அவசரமாக இருப்பதால் என்று காரணம் சொன்னபோது 94 சதவீதம். 'நகலெடுக்க வேண்டியிருப்பதால்' என்று காரணமே இல்லாத காரணத்தைச் சொன்னபோதும் 93 சதவீதம். எனவே அந்தச் சொல் இருந்தாலே போதும் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

அதே ஆய்வில் 20 பக்கம் நகலெடுக்கக் கேட்டபோது கதை மாறியது. காரணம் சொல்லாதபோது 24 சதவீதம், வெற்றுக் காரணத்துக்கும் அதே 24 சதவீதம், மெய்யான காரணத்துக்கு 42 சதவீதம். அதாவது இழப்பு சிறிதாக இருக்கும்போது மக்கள் சொல்லின் வடிவத்தைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள். இழப்பு பெரிதானால் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பத்து ரூபாய்ச் சோப்புக்கும் எண்பதாயிரம் ரூபாய்ப் பட்டுக்கும் ஒரே பட்டியல் உதவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சொல்லுக்கு வலிமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே மாட்டிறைச்சியை '75 சதவீதம் கொழுப்பற்றது' என்றும் '25 சதவீதம் கொழுப்பு' என்றும் இரு விதமாகக் குறிப்பிட்டு லெவினும் கேத்தும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வாசகத்தைக் கண்டவர்கள் அதை மேலானதாக மதிப்பிட்டார்கள். ஆனால் சுவைத்துப் பார்த்தபின் அந்த வேறுபாடு குறைந்துவிட்டது. வாங்கிப் பயன்படுத்திப் பார்க்கும் பொருளில் சொல்லின் வேலை முதல் முறை வாங்க வைப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

'இலவசம்' பற்றியும் ஒரு வார்த்தை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒன்றை இலவசம் என்று விளம்பரம் செய்தால், அதைப் போய்ப் பெறுவதற்கோ அனுப்புவதற்கோ ஆகும் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு எதையும் வாங்குவோரிடம் கேட்கக் கூடாது. விலையை ஏற்றிவிட்டு அதற்குள் இலவசத்தை அடக்குவது இந்தச் சொல்லைக் கெடுப்பதாகும்.

பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம், மேசையில் இருக்கட்டும். ஆனால் எழுதத் தொடங்குமுன் அந்தப் பொருள் விற்கும் கடையில் அரை நாள் நில்லுங்கள். குக்கர் விளம்பரம் எழுதுகிறீர்கள் என்றால், பாத்திரக் கடையில் வாங்க வந்தவர் கடைக்காரரிடம் முதலில் என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'நீடித்த உழைப்பு', 'நவீன வடிவமைப்பு' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 'அடி பிடிக்குமா?', 'கேஸ்கட் இங்கேயே கிடைக்குமா?', 'நாலு பேருக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?' என்றுதான் கேட்கிறார்கள். இந்த மூன்று கேள்விகளையும் அவர்களுடைய சொற்களிலேயே தலைப்பில் வைத்து, கீழே நேரான பதிலை எழுதினால் முதல் வரைவு தயாராகிவிடும். ஆங்கில வரைவை முன்னால் வைத்துக்கொண்டு தமிழாக்கும் பழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால், ஒரு முறையாவது தமிழில் தொடங்க அனுமதி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் இனிப்பகத்தின் பலகையில் 'மாவட்டத்தின் நம்பர் 1' என்று எழுதியிருக்கிறோம். யாரும் எதிர்த்ததில்லை. வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: எதில் முதலிடம், யார் அளந்தது, எந்த ஆண்டு என்று கேட்டால் காட்டுவதற்குத் தாள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுவதில் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் 1962இல் தான் இரண்டாமிடத்தில் இருப்பதாகவும், அதனாலேயே கூடுதலாக முயல்வதாகவும் விளம்பரம் செய்து பெயர் வாங்கியது.

உங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய வலு இருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்கள் பதிவு செய்திருந்தால், 'நம்பர் 1' இருந்த இடத்தில் அந்தக் குறியீட்டையும், கடலை எந்தப் பகுதியில் விளைந்தது, வெல்லம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு வரிகளையும் எழுதுங்கள். பதிவு செய்யவில்லை என்றால், பலகைக்காரரிடம் போவதற்கு முன் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு விண்ணப்பம் அனுப்புங்கள்.